துறவும் மருத்துவமும்: குண்டூர் கண்ட கன்னித்துறவி

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பேணுபவர் என்பன அவை. உரையாசிரியர் பரிமேலழகர் இவை ஒவ்வொன்றையும் மேலும் விரித்துரைப்பர். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் நிறைவு பெறாது. மருத்துவர் எத்துணை வல்லவராயினும், பேணுவார் இன்றேல் நோயாளி பிழைப்பது அரிது. அவ்வாறே, பேணுவார் எத்துணை அன்பினராயினும், நோயின் முதலை அறிந்து தீர்ப்பார் இன்றேல் அவ்வன்பு கண்ணீராகவே முடியும்.

இப்பாகுபாட்டை மனத்துட் கொண்டு கத்தோலிக்கத் துறவு மகளிரின் வரலாற்றை நோக்கினால் வியப்புக்குரிய செய்தி ஒன்று புலப்படும். நான்காம் கூறாகிய பேணும் பணி பல நூற்றாண்டுகளாக அவர்கள் கையில் இருந்தது. இரண்டாம் கூறாகிய மருத்துவர் பதவியோ அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. 1936ஆம் ஆண்டில்தான் உரோமாபுரி அக்கதவைப் பொதுவாகத் திறந்தது. அதற்குப் பதினாறு ஆண்டுகட்கு முன்பே தனி இசைவு பெற்று உள்ளே புகுந்தவர் ஒரு பெண்மணி. அவர் பணி நிகழ்ந்த ஊர் அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூர். பிறந்த நாடு ஆஸ்திரேலியா. பெயர் டாக்டர் மேரி குளோரி. துறவறத்தில் அவர் பூண்ட பெயர் திரு இருதயத்தின் மேரி.

தடை பிறந்த வரலாறு

துறவிகள் மருத்துவம் பயிலலாகாது என்ற எண்ணம் தொடக்கத்தில் இருந்ததன்று. ஐரோப்பிய மடங்கள் மூலிகைத் தோட்டங்களையும் நோயாளர் விடுதிகளையும் பேணி வளர்த்தன. 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய நாட்டில் வாழ்ந்த மடத்தலைவி ஹில்டகார்ட் (1098-1179) மருந்துச் செடிகளைப் பற்றியும் நோய்களின் காரணங்களைப் பற்றியும் நூல்கள் எழுதியவர். ஆனால் அதே நூற்றாண்டிலேயே தடையும் உருவாகத் தொடங்கிற்று. பொருளீட்டும் நோக்கத்தோடு துறவிகள் மருத்துவம் கற்பதை 1139ஆம் ஆண்டின் இலாத்தரன் சங்கம் கண்டித்தது. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், குருப்பட்டம் பெற்றோர் அறுத்தலும் சுடுதலும் ஆகிய அறுவை மருத்துவத்தில் ஈடுபடலாகாது என விதித்தது. ஆன்மாவைக் காக்க வேண்டிய கை, கத்தி பிடித்து ஓர் உயிர் போகக் காரணமாகிவிடக் கூடாது என்ற அச்சமே இதன் அடிப்படை எனலாம்.

நாளடைவில் இத்தடை இறுகிற்று. 1917இல் தொகுக்கப்பெற்ற திருச்சபைச் சட்டம், உரோமையின் தனி இசைவின்றிக் குருமார் மருத்துவமோ அறுவையோ செய்யலாகாது என்று கூறி, குருமார்க்குரிய கட்டுப்பாடுகளைத் துறவியர்க்கும் உரியனவாக்கிற்று. பெண் துறவியர்க்கு இன்னும் ஒரு தடை இருந்தது. கன்னிமை காக்க உறுதி பூண்டவர்க்கு மகப்பேற்றுப் பணி ஒவ்வாது எனக் கருதப்பட்டது.

இதனால் துறவு மகளிர் நோயாளிகளை விட்டு விலகிவிட்டனர் என எண்ணுதல் தவறு. பிரான்சு நாட்டில் 1633இல் வின்சென்ட் தெ பால் தோற்றுவித்த அன்புச் சகோதரியர் சபை முதலாகப் பல சபைகள் நோயாளர் பணிக்கெனவே எழுந்தன. பெங்களூரில் 1886இல் தொடங்கிய புனித மார்த்தா மருத்துவமனையும் கன்னியர் நடத்தியதே. ஆயினும் அங்கெல்லாம் அவர்கள் பணி பேணுதலோடு நின்றது. நோயை ஆய்ந்து மருந்து விதிப்பதும் கத்தி எடுப்பதும் வெளியிலிருந்து வரும் ஆண் மருத்துவரின் தொழில்.

அடைபட்ட வீடுகள்

ஐரோப்பாவில் இவ்வேற்பாடு ஒருவாறு நடைபெற்றது. இந்தியாவில் நடைபெறவில்லை. கோஷா வழக்கமுள்ள குடும்பங்களிலும், ஆடவர் தொடுவதை இழுக்கெனக் கருதிய பிற குடும்பங்களிலும், ஆண் மருத்துவர் கட்டிலருகே வர இயலாது. மகப்பேற்றில் சிக்கல் நேர்ந்தால் அவ்வூர் மருத்துவச்சியின் கைத்திறனே முடிந்த முடிபு. அவள் அனுபவம் உடையவளே. ஆயினும் கைகளைத் தூய்மை செய்யாமையால் நேரும் தீங்கை அவளுக்கு எடுத்துச் சொன்னவர் இல்லை. பேறுகாலக் காய்ச்சலுக்கு மருத்துவர் கையின் அழுக்கே காரணம் என்று வியன்னா நகரில் செம்மெல்வைஸ் 1847இல் கண்டறிந்தபோது, ஐரோப்பிய மருத்துவ மேதைகளே அதனை ஏற்க மறுத்தனர் என்பதை நினைத்தால், நாட்டுப்புற மருத்துவச்சியைக் குறை கூற இடமில்லை.

ஆதலின் இந்நாட்டுக்குத் தேவையானவர் பெண் மருத்துவர். இதனைச் சீர்திருத்தக் கிறிஸ்தவ சபைகள் முன்னரே உணர்ந்தன. கிளாரா ஸ்வெயின் என்ற அமெரிக்க மருத்துவர் 1870இல் பரேலிக்கு வந்தார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவருள் ஒருவரான மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால் சென்னையில் 1885இல் கோஷா மகளிர்க்கான மருத்துவமனை எழுந்தது. ஐடா ஸ்கடர் 1900இல் வேலூருக்குத் திரும்பி வந்து, 1918இல் அங்கே பெண்களுக்கு மருத்துவப் பள்ளி நிறுவினார். 1912இல் முத்துலட்சுமி அம்மையார் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

குண்டூரும் இவ்வரிசையில் பின்தங்கியதன்று. லூத்தரன் சபையைச் சேர்ந்த டாக்டர் அன்னா கூக்ளர் 1883இல் அங்கு வந்து, 1898இல் மருத்துவமனை கண்டு, 1930இல் மறையும் வரை அவ்வூரிலேயே பணி செய்தார். கத்தோலிக்கக் கன்னியரும் அவ்வூரில் இருந்தனர். அவர்களிடம் தொண்டு செய்யும் ஆர்வத்திற்குக் குறைவில்லை. குறைந்தது மருத்துவக் கல்வியும் அதைப் பயன்படுத்த உரோமையின் இசைவுமே.

எழுபத்திரண்டு வயது மூதாட்டி

இக்குறையை உரோமாபுரியின் வாயிலில் சென்று முறையிட்டவர் ஸ்காட்லாந்து நாட்டு டாக்டர் ஆக்னஸ் மெக்லாரன். 1837இல் எடின்பரோவில் பிறந்த அவர் பாராளுமன்ற உறுப்பினர் டங்கன் மெக்லாரனின் மகள். சொந்த நகரத்துப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் வழங்க மறுத்த காலம் அது. அவர் பிரான்சு நாட்டு மோன்பெலியே நகருக்குச் சென்று 1878இல் பட்டம் பெற்றார். தமது அறுபத்தொன்றாம் வயதில், 1898இல், கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்.

இன்று பாகிஸ்தானில் உள்ள இராவல்பிண்டியில் பெண்டிரும் குழந்தைகளும் மருத்துவமின்றி மடிவதை அங்கிருந்த மறைபரப்பாளர் வாயிலாக அறிந்த மெக்லாரன், இலண்டனில் குழு அமைத்துப் பொருள் திரட்டினார். அவர் முயற்சியால் புனித கத்தரீனாள் மருத்துவமனை எழுந்தது. எழுபத்திரண்டாம் வயதில் தாமே கடல் கடந்து அங்கு வந்து நிலைமையைக் கண்டார். கட்டடம் இருந்தது, நிலைத்து நின்று நடத்தும் மருத்துவர் கிடைக்கவில்லை. பணம் கொடுத்து அமர்த்தும் மருத்துவர் சில ஆண்டுகளில் திரும்பிச் செல்வார். வாழ்நாளையே ஈந்துவிட்ட கன்னியர் மருத்துவம் கற்றாலன்றி இது தீராது என்று அவர் முடிவு செய்தார். அவ்விசைவை வேண்டி உரோமைக்குப் பலமுறை விண்ணப்பித்தார். 1913இல் அவர் மறைந்தபோது விடை வரவில்லை.

ஆயினும் அவர் விதைத்த வித்து வீண்போகவில்லை. அவரைப் பற்றிய சிறு வெளியீடு ஒன்று உலகைச் சுற்றி, 1915ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரத்தில் ஓர் இளம் மருத்துவரின் கைக்கு வந்து சேர்ந்தது.

மெல்போர்ன் மருத்துவர்

மேரி குளோரி 1887ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் விக்டோரியா மாநிலத்துப் பிர்ரெகுர்ரா என்னும் சிற்றூரில் பிறந்தார். மெல்போர்ன் பல்கலைக்கழகம் பெண்களை மருத்துவக் கல்விக்கு முதன்முதல் சேர்த்துக்கொண்டதும் அதே 1887ஆம் ஆண்டில்தான். கோதுமை விளையும் உள்நாட்டுப் பகுதியில் வாட்செம் என்ற ஊரில் வளர்ந்த சிறுமி, பதின்மூன்று வயதில் உதவித்தொகை பெற்று மெல்போர்னுக்குப் படிக்க வந்தாள். பல்கலைக்கழகத்தில் முதலில் கலைப் பாடங்களை எடுத்தவர், பின்னர் மருத்துவத்துக்கு மாறி 1910இல் பட்டம் பெற்றார்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மருத்துவமனையில் பயிற்சி முடித்து மெல்போர்னுக்குத் திரும்பியபின், கண், காது மருத்துவமனையிலும் விக்டோரியா அரசி மருத்துவமனையிலும் பணிபுரிந்தார். பின்னது பெண்களால் பெண்களுக்காக நடத்தப்பட்டது. அதனை நிறுவ விக்டோரியா மாநிலத்துப் பெண்கள் ஆளுக்கொரு ஷில்லிங்காகப் பணம் திரட்டினர். நகரின் சிறந்த மருத்துவர்கள் தொழில் நடத்திய காலின்ஸ் தெருவில் குளோரியும் தனி மருத்துவராக அமர்ந்தார். 1916இல் கத்தோலிக்கப் பெண்கள் சமூகக் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். செல்வாக்கும் வருவாயும் மதிப்பும் ஒருங்கே அமைந்த வாழ்வு அது.

மெக்லாரனைப் பற்றிய வெளியீட்டைப் படித்தபோது தம் வாழ்வின் திசை இதுவே என்று அவருக்குத் தோன்றிற்று. உடனே புறப்பட முதல் உலகப் போர் இடங்கொடுக்கவில்லை. காத்திருந்த ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. மகப்பேறு, மகளிர் நோய், கண் நோய் ஆகிய துறைகளில் மேற்படிப்புப் படித்து 1919இல் எம்.டி. பட்டம் பெற்றார். இம்மூன்றும் இந்திய நாட்டுப்புறத்தில் அன்று மிகுதியும் தேவைப்பட்டவை என்பது கருதத்தக்கது. உணர்ச்சி வேகத்தில் மட்டும் புறப்பட்டவர் இவ்வாறு நான்கு ஆண்டுகள் தம்மைச் செப்பனிட்டுக்கொண்டிரார்.

குண்டூரில் வந்திறங்கியது

1920ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் மெல்போர்னை விட்டுக் கப்பலேறிய குளோரி, பிப்ரவரி 12ஆம் நாள் குண்டூர் வந்து சேர்ந்தார். பிறந்த மண்ணை அவர் மீண்டும் கண்டதில்லை.

குண்டூரில் அவர் சேர்ந்த துறவு சபை இயேசு மரி சூசை சபை. 1822இல் ஆலந்து நாட்டு அமர்ஸ்போர்ட் நகரில் தோன்றிய அச்சபையின் கன்னியர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குண்டூரில் பள்ளியும் தொண்டும் நடத்தி வந்தனர். ஆலந்து நாட்டவர் மிக்கிருந்த சபையில் ஆஸ்திரேலியப் பெண்மணி ஒருவர் புகுந்து, தெலுங்கு பேசும் மக்களிடையே பணிபுரியத் தொடங்கினார். போப்பாண்டவர் 15ஆம் பெனடிக்ட், துறவியாக இருந்துகொண்டே மருத்துவத் தொழில் செய்ய அவருக்குத் தனி இசைவு வழங்கினார். மறைபரப்பு நாட்டில் மருத்துவராகப் பணிபுரிந்த முதல் கத்தோலிக்கக் கன்னித்துறவி என்று அவர் போற்றப்படுவது இதனாலேயே.

இங்கு ஒன்று சிந்திக்கத்தக்கது. ஏழ்மை, கன்னிமை, கீழ்ப்படிதல் என்பன துறவியின் மூன்று உறுதிகள். மருத்துவத் தொழிலோ தன் அறிவையே துணைக்கொண்டு நொடிப்பொழுதில் முடிவெடுப்பது. தலைவியின் சொல்லுக்குப் பணிய வேண்டியவர், நோயாளியின் கட்டிலருகே யார் சொல்லையும் எதிர்பாராமல் ஆணையிட வேண்டியவராகிறார். வழிபாட்டு மணி ஒலிக்கும் நேரமும் குழந்தை பிறக்கும் நேரமும் ஒத்துப்போவது அரிது. துறவும் மருத்துவமும் பொருந்தா என்று கருதியோர்க்கு இவையே காரணமாயின. இதற்கு நூலில் எழுதும் வாதத்தால் விடை கூற முடியாது; ஒருவர் வாழ்ந்தே காட்டல் வேண்டும். குளோரி முப்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்து காட்டினார்.

அவர் வந்தபோது அங்கு அவருக்கென மருத்துவமனை காத்திருக்கவில்லை. சிறு மருந்தகத்தில் தொடங்கிய பணி வளர்ந்து புனித சூசையப்பர் மருத்துவமனையாயிற்று. அக்காலத்து மருத்துவரின் கையில் இருந்த கருவிகள் மிகச் சில. சல்பா மருந்துகள் 1930களின் இடைப்பகுதிக்குப் பின்னரே புழக்கத்துக்கு வந்தன. பெனிசிலின் 1940களில்தான் வந்தது. அதுவரை பேறுகாலக் காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் நேரான மருந்தில்லை. தூய்மையும், காலத்தில் செய்யும் அறுவையும், அயராத கண்காணிப்பும் ஆகிய இவையே மருத்துவரின் படைக்கலங்கள்.

நான்கு கூறும் நிறைவுற

குளோரியின் பெருமை அவர் மருத்துவர் ஆனதோடு நின்றிருந்தால் அது ஒருவர் வாழ்நாளோடு முடிந்திருக்கும். ஒருவர் இரண்டு கைகளால் எத்தனை நோயாளிகளைத் தொட முடியும்? இதனை அவர் தொடக்கத்திலேயே உணர்ந்தார். ஆகவே குண்டூர்ப் பெண்களையும் கன்னியரையும் செவிலியராகவும், மருத்துவச்சியராகவும், மருந்து கலக்கும் கம்பவுண்டர்களாகவும் பயிற்றுவித்தார். நாட்டு மூலிகைகளின் பயனையும் ஆராய்ந்து கையாண்டார். வெளிநாட்டு மருந்து கப்பலில் வரும்வரை நோய் காத்திராது அன்றோ?

வள்ளுவர் வகுத்த கூறுகளில், கன்னியர்க்கு மறுக்கப்பட்டிருந்த இரண்டாம் கூற்றைத் தாம் ஏற்றதோடு, மருந்தையும் பேணுவாரையும் அவரே உண்டாக்கினார் எனலாம். நர்சு வேலையைக் குடும்பப் பெண்களுக்கு ஏற்றதன்று என்று பலர் ஒதுக்கிய நாளில், அதனைப் படித்துப் பெறும் தொழிலாக ஒரு பெண் மருத்துவர் நின்று கற்பித்தது சிறு செயல் அன்று.

அவர் செய்த மற்றொரு பணி இன்னும் பெரிது. இந்தியாவெங்கும் கன்னியர் நடத்திய மருத்துவமனைகளும் மருந்தகங்களும் தனித்தனியே இயங்கின. ஒன்றன் அனுபவம் மற்றொன்றுக்குப் பயன்படவில்லை. மருந்து வாங்குவதிலும், நர்சுகளைப் பயிற்றுவதிலும், அரசினரோடு பேசுவதிலும் ஒவ்வொன்றும் தனியே இடர்ப்பட்டது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டில், 16 துறவு மகளிர் கூடிக் கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். அதனை முன்னின்று அமைத்தவர் குளோரியே. அச்சங்கம் இன்று 3,500க்கும் மேற்பட்ட நிலையங்களை உறுப்பாகக் கொண்டு செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது.

இந்தியாவில் கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டும் என்பதும் அவர் கனவு. கடைசி நாட்களில் புற்றுநோய் அவரைப் பற்றியது. பிறர் வலியைத் தீர்த்தவர் தம் வலியைப் பொறுத்துக்கொண்டார். 1957ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார். அதே பெங்களூரில் 1963இல் புனித யோவான் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. கனவு கண்டவர் திறப்பு விழாவில் இல்லை. 2013இல் திருச்சபை அவரை 'இறை ஊழியர்' என அறிவித்தது. புனிதர் பட்டத்துக்கான நெடிய ஆய்வின் முதற்படி அது.

கதவு திறந்த ஆண்டு

தனி ஒருவர்க்கு அளித்த இசைவு எல்லோர்க்கும் உரிய விதியாக மாறியது எவ்வாறு? இங்கு மற்றொரு பெண்மணி நினைவுக்குரியவர். ஆஸ்திரிய நாட்டுத் திரோல் மலைப்பகுதியில் 1892இல் பிறந்த அன்னா டெங்கல், மெக்லாரனோடு கடிதத் தொடர்பு கொண்டு, அவர் அறிவுரைப்படி அயர்லாந்தின் கார்க் நகரில் மருத்துவம் பயின்று 1919இல் பட்டம் பெற்றார். பிரிட்டிஷ் இந்தியாவில் தொழில் செய்ய அத்தகைய பட்டம் தேவையாயிற்று. குளோரி குண்டூருக்கு வந்த அதே 1920ஆம் ஆண்டில் டெங்கல் இராவல்பிண்டிக்கு வந்தார். ஒரே வெளிச்சம் கண்டு இருவேறு கண்டங்களிலிருந்து புறப்பட்ட இருவர், ஒரே ஆண்டில் இந்தியாவின் வடக்கிலும் தெற்கிலும் பணி தொடங்கியது வியப்பன்றோ?

இருவரும் மேற்கொண்ட வழி வேறு. குளோரி முன்னரே இருந்த சபையில் சேர்ந்து, தனி இசைவு பெற்று, உள்ளிருந்து பணி செய்தார். டெங்கல் சில ஆண்டுகள் பணிபுரிந்தபின் அமெரிக்கா சென்று, மருத்துவத்துக்கென்றே ஒரு சங்கத்தை 1925இல் வாஷிங்டன் நகரில் மூவர் துணையோடு தொடங்கினார். திருச்சபைச் சட்டம் இடங்கொடாமையால், அவர்கள் முழுத் துறவியராக வெளிப்படையாக உறுதி பூணாமலே பல ஆண்டுகள் வாழ்ந்தனர்.

1936ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் உரோமையின் மறைபரப்புப் பேராயம் ஆணை ஒன்றை வெளியிட்டது. கன்னியர் மருத்துவமும் செவிலியமும் முறையாகக் கற்று மறைபரப்பு நாடுகளில் பணிசெய்யலாம் என்றும், மகப்பேற்றுப் பணியும் அவர்க்கு விலக்கன்று என்றும் அது கூறிற்று. மெக்லாரன் மறைந்து இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து அவர் விண்ணப்பத்துக்கு விடை வந்தது. குண்டூரில் ஒரு கன்னி பதினாறு ஆண்டுகள் மருத்துவம் செய்தும் துறவுக்கு இழுக்கு நேரவில்லை என்பது அதற்குள் கண்கூடாயிருந்தது. டெங்கலின் சகோதரியர் பின்னர்ப் பாட்னா, டெல்லி முதலிய நகரங்களில் திருக்குடும்ப மருத்துவமனைகளை நடத்தினர். டெங்கல் 1980 ஏப்ரல் 17ஆம் நாள் உரோமையில் மறைந்தார். மெக்லாரன் மறைந்ததும் ஓர் ஏப்ரல் 17ஆம் நாளே.

எழும் வினா

மறைபரப்பாளர் மருத்துவம் செய்வது நோய் தீர்க்கவா, மதம் பரப்பவா என்ற வினா இந்நாட்டில் பலகாலும் எழுந்ததே. காந்தியடிகள் 1931இல் இது குறித்து வெளிப்படையாக எழுதினார். மருத்துவம், கல்வி போன்ற தொண்டுகளை மதம் மாற்றும் கருவியாகக் கொள்வது தகாது என்பது அவர் கருத்து. இவ்வினாவை மழுப்பிச் செல்வது வரலாறு எழுதும் முறையன்று.

குளோரி தம் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். அப்பற்றே அவரைக் கடல் கடக்கச் செய்தது. அதனை மறைத்து அவரை வெறும் சமூகத் தொண்டராகக் காட்டுவது அவருக்கும் ஏலாது, உண்மைக்கும் ஏலாது. ஆனால் தொண்டின் தன்மையை அறிய மற்றொரு சான்றும் உண்டு. வந்தவர் போனபின் அங்கு எஞ்சுவது எது என்று பார்த்தல் வேண்டும். பிறரைத் தம்மை நம்பியே என்றும் வாழச் செய்யும் தொண்டு ஒருவகை. தாம் இல்லாதபோதும் தாமே நடத்திக்கொள்ளும் ஆற்றலை ஊட்டும் தொண்டு மற்றொரு வகை. குளோரி தொடங்கிய பயிற்சியும் சங்கமும் இரண்டாம் வகையைச் சார்ந்தன. வெளிநாட்டுக் கன்னியர் குறைந்த பின்னரும் அவை நின்றன; இந்தியப் பெண்களே மருத்துவராகவும் செவிலியராகவும் தலைவியராகவும் அவற்றை நடத்துகின்றனர்.

மணிமேகலைக் காப்பியத்தை அறிந்த தமிழர்க்கு இக்கருத்து புதிதன்று. இளமையில் துறவு பூண்ட அவள், மடத்தின் உள்ளே அமர்ந்திராமல் அமுதசுரபி ஏந்திப் பசி என்னும் பிணியைத் தீர்க்கப் புறப்பட்டாள். அவள் பௌத்தத் துறவி என்பதால் சைவரோ வைணவரோ அவள் அறத்தைக் குறைத்து மதிப்பதில்லை. உயிர்க்கு உற்ற துன்பத்தைத் துடைப்பதே துறவின் பயன் என்று காட்டிய அக்காப்பியத்தைப் போற்றும் நெஞ்சம், குண்டூர்க் கன்னியையும் போற்றத் தயங்காது.

மலேயாக் கரை வரை

1936இல் திறந்த கதவின் வழியே பிறகு பலர் வந்தனர். ஜெர்மனியில் 1929இல் பிறந்த டாக்டர் ரூத் பாவ், இந்தியாவுக்கு வரும் வழியில் 1960இல் கராச்சியில் தங்க நேர்ந்து, அங்குத் தொழுநோயாளர் படும் துயரைக் கண்டு, 2017இல் மறையும் வரை அந்நாட்டிலேயே பணிபுரிந்தார். கிறிஸ்தவக் கன்னி ஒருவரைப் பாகிஸ்தான் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது.

அவ்வழியின் பயன் மலேயாவுக்கும் வந்தது. இறையன்னையின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சபையைச் சேர்ந்த செவிலியக் கன்னியர் 1949இல் சிங்கப்பூருக்கு வந்து, தான் டோக் செங் மருத்துவமனையில் காசநோயாளரைப் பேணினர். அவர்கள் சபை 1961இல் சிங்கப்பூரில் மவுண்ட் அல்வெர்னியா மருத்துவமனையைத் தொடங்கியது; பெட்டாலிங் ஜெயாவில் 1954இல் அசுந்தா மருத்துவமனையைத் தொடங்கியது மரியாளின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சபை. நகரங்களில் இவ்வாறு சபைகள் பணிசெய்ய, தலைநகருக்குத் தொலைவான ஊர்களுக்கு மருத்துவத்தைக் கொண்டு செல்லும் பொறுப்பு அரசினரைச் சார்ந்தது. ஜொகூரின் கிழக்குக் கரையில், தென்சீனக் கடலை நோக்கி நிற்கும் மெர்சிங் போன்ற மீனவர் ஊரிலும் இன்று அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. அங்குப் பெண் மருத்துவரைக் காண்பதில் எவர்க்கும் வியப்பில்லை.

வியப்பு நீங்கியதே அம்முன்னோடிகள் பெற்ற வெற்றி. பெண் மருத்துவம் கற்கலாமா என்று ஒரு நூற்றாண்டு ஐயுற்றது. கற்ற பெண் துறவியாகவும் இருக்கலாமா என்று மற்றொரு நூற்றாண்டு ஐயுற்றது. மெக்லாரன் அவ்வையத்தை எழுதிக் கேட்டார். விடை காணாமல் மறைந்தார். டெங்கல் புதிய சங்கம் அமைத்து விடைக்குக் காத்திருந்தார். குளோரி நாள்தோறும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே விடை எழுதினார். மூவரும் வேண்டியது ஒன்றே: நோயுற்ற பெண்ணின் கட்டிலருகே அன்போடு நிற்பவர் அறிவோடும் நிற்றல் வேண்டும். வள்ளுவர் பிரித்துரைத்த இரண்டாம் கூறும் நான்காம் கூறும் ஒருவரிடமே பொருந்தி நின்ற அரிய வாழ்வு அது. குண்டூரில் அவர் மருந்தகம் வளர்ந்து மருத்துவமனையாயிற்று. அதனினும் மேலாக, அவர் பயிற்றிய கைகள் வேறு கைகளைப் பயிற்றின. ஒரு மருத்துவரின் வாழ்நாளை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.